நிலைமின்னியல்: போனக்காட்டு இடிமின்னலும் அதன் விதிகளும்

நிலைமின்னியல் என்பது ஓய்வில் உள்ள மின்னூட்டங்களையும் அவற்றுக்கு இடையிலான விசைகளையும் ஆராயும் இயற்பியல் பிரிவு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலைச் சரிவில் உள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான போனக்காட்டின் மேல் திரளும் இடிமேகங்களும் இத்துறையின் விதிகளுக்கே கட்டுப்பட்டவை.

அடிப்படை விதிகள்

மின்னூட்டம் நேர், எதிர் என இருவகைப்படும். தனித்த அமைப்பில் அதன் மொத்த அளவு மாறாது. 1785-இல் சார்லஸ் கூலூம் முறுக்குத் தராசைக் கொண்டு நிறுவிய விதிப்படி, இரு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். தொலைவு இரட்டித்தால் விசை கால்பங்காகும். மூடிய பரப்பைக் கடக்கும் மின்பாயம், உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது என்பது காஸ் விதி.

புவியின் மின்னூட்டம்

தெளிந்த வானிலையில் தரையருகே மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் மின்புலம் கீழ்நோக்கி நிலவுகிறது. இதைக் காஸ் விதியில் இட்டால், புவிப்பரப்பில் சுமார் 4.5 லட்சம் கூலூம் எதிர் மின்னூட்டம் இருப்பது தெரியும். காற்றின் வழியே கசியும் இதனை உலகெங்கும் எழும் இடிமேகங்கள் ஈடுசெய்கின்றன. மலைக்குக் கிழக்கே, திருநெல்வேலி அருகில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன ஆய்வகத்தில் இந்தக் கசிவு மின்னோட்டம் அளக்கப்பட்டுள்ளது.

மின்னல் உருவாதல்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஈரமான கடற்காற்று மலைமீது ஏறி, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. மேகத்துக்குள் நுண்ணிய பனிப்படிகங்கள் கனமான பனித்துணுக்குகளோடு மோதுகின்றன. பெரும்பாலும் நேர் மின்னூட்டம் பெறும் படிகங்கள் மேலே செல்ல, எதிர் மின்னூட்டம் பெறும் துணுக்குகள் கீழே தங்குகின்றன. கீழ்ப்பகுதியின் எதிர் மின்னூட்டம், மின்தூண்டலால் தரையில் நேர் மின்னூட்டத்தைத் திரட்டுகிறது. உயர்ந்த, கூரிய இடங்களில் மின்புலம் செறிவதால், 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூட முகடும் தனிமரங்களும் மின்னல் தாக்க வாய்ப்புள்ள இடங்களாகின்றன.

பாதுகாப்பு

நிலைமின் சமநிலையில் கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி. வெற்றுக் கடத்திக்குள் இருப்பவை காக்கப்படும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1836-இல் ஓர் உலோக அறைக்குள் தாமே அமர்ந்து காட்டினார். கண்ணாடிகளை ஏற்றிய, உலோகக் கூரையுள்ள ஜீப்பும் பேருந்தும் மின்னலின்போது பாதுகாப்பானவை என்பதற்கு அடிப்படை இதுவே. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். மின்னலுக்குப் பின் 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுந்துள்ளது. கொழுந்து பறிப்போரும் மலையேறுவோரும் அப்போதே முகட்டையும் தனிமர நிழலையும் விட்டு விலகி, உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும்.