விநியோகஸ்தர் கமிஷன் வெளிப்படுத்தல்

பரஸ்பர நிதித் திட்டங்களை விற்பவர், அதற்காக நிதி நிறுவனத்திடம் பெறும் கமிஷனை முதலீட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டிய ஒழுங்குமுறைக் கடமை. கூடுதல் கமிஷன் தரும் திட்டத்தையே பரிந்துரைக்கத் தூண்டும் நலமுரணைப் புலப்படுத்துவது நோக்கம்.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, விநியோகஸ்தர் கமிஷனுக்காக முதலீட்டின்போதே பிடிக்கப்பட்ட நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்ட் 1 முதல் ஒழித்தது. போட்டித் திட்டங்களில் கிடைக்கும் கமிஷனையும் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றது. 2013 ஜனவரியில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் வந்தது. மிக முக்கியமான படி 2016-இல் வந்த ஆணை: அரையாண்டுக் கணக்கு அறிக்கையில் கமிஷனை ரூபாயிலேயே காட்ட வேண்டும். சதவீதக் கணக்கில் மறைந்திருந்த தொகை சிறு முதலீட்டாளரின் கண்ணுக்குத் தெரிந்தது இதனால்தான். 2018 அக்டோபரில் முன்கூட்டித் தரும் கமிஷன் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டு, முதலீடு நீடிக்கும்வரை கிடைக்கும் டிரெயில் கமிஷனே நிலைத்தது. முதலீட்டு ஆலோசகர் விதிகளில் 2020-இல் செய்த திருத்தத்தின்படி, ஆலோசகர் ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விநியோகமும் சேர்த்து வழங்க இயலாது.