படைத்தோனும் படையலும்

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அண்மையில் உள்ள ஊர் ஆயர் தாவார். பெயரைக் கேட்ட அளவில் தமிழாசிரியர்க்கு முல்லைநிலத்து ஆயரே நினைவுக்கு வருவர். ஆயினும் இது மலாய்ப் பெயர். உவர்ப்பில்லா நன்னீர் என்பது இதன் பொருள். இருமொழிகளில் ஓரொலி அமைந்தது தற்செயலே. ஆனால், ஒரே மொழியில் ஒரு சொல் நெருங்கிய இரு பொருளைத் தாங்கி நிற்குமாயின் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய சொல் 'படைத்தல்'. இறைவன் உலகைப் படைத்தான் என்கிறோம். இறைவனுக்குப் பொங்கல் படைத்தோம் என்றும் கூறுகிறோம். ஆக்குதலும் அளித்தலும் இச்சொல்லில் ஒருங்கே அடங்கும். தமிழ்க் கிறித்தவரின் வழிபாட்டில் இச்சொல் பெற்ற இடம் யாது?

முதற்கண், படைத்தவனைக் குறிக்கும் பெயரே பலமுறை மாறியது. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை முழுமையாக வெளியிட்ட சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். அந்நூற்றாண்டிலேயே பின்வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்னும் சொல்லைத் தேர்ந்தார். 1871இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்றது.

பெயர் மாறியது போன்றே வினையும் மாறியது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் முதல் நூலின் பெயர் ஆதியாகமம். அதன் தொடக்கத்தில் உலகம் 'சிருஷ்டி'க்கப்படுகிறது. 'படைத்தல்' என்னும் சொல்லோ, கொரிந்தியர்க்கு எழுதிய நிருபத்தில், விக்கிரகங்களுக்கு இடப்பட்ட உணவைப் பேசுமிடத்து வருகின்றது. 1995இல் அம்முதல் நூல் 'தொடக்க நூல்' எனப் பெயர் பெற்றது. உலகைத் தோற்றுவித்த செயலும் 'படைத்தல்' ஆயிற்று. சிலைமுன் இட்ட சோற்றுக்கு வழங்கிய சொல் கடவுளின் முதற்செயலுக்கு உரியதாயிற்று என்க.

இது புதுமையன்று. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் 'படைத்தோன்' என்றே உலகமுதல்வனைச் சுட்டுகின்றார். ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்குமாறு அமைத்தவன் பண்பிலன் என நோகின்றார் அப்புலவர். திருவள்ளுவரும் 1062ஆம் குறளில், இரந்துதான் ஒருவன் வாழவேண்டுமெனின் உலகை இயற்றியவன் கெடுக என்கின்றார். மக்கள் துன்புறும்போது படைத்தவனையே வினவுதல் தமிழ் மரபு. ஆகவே, அவனைப் போற்றுவோர் அவ்வினாவிற்கு விடையளிக்கும் கடமையுடையர்.

அவ்விடையைத் தோட்டப்புறத்தில் காணலாம். 1903இல் சீனத்துப் பூச்சோவிலிருந்து மெதடிஸ்டுக் கிறித்தவர் சித்தியவானில் குடியேறினர். நெல் விளைவிக்க வந்தவர்கள் பின்னர் ரப்பருக்கு மாறினர். பேராக்கின் தோட்டங்களில் பால்வெட்டத் தமிழர் வந்தனர். பொழுது புலருமுன் தொடங்கும் வேலை அது. நெல்லைச் சீமைக் கிறித்தவர் அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாக நெல்லும் வாழைத்தாரும் கோழியும் ஆலயத்திற்குக் கொணர்வர். அவை ஏலமிடப்பட்டுத் திருப்பணிக்குப் பயன்படும். இங்ஙனம் உழவன் தன் விளைவைப் படைப்பான். பால்மரத்திற்கோ கதிரும் இல்லை, களமும் இல்லை. வெட்டிய பாலும் வெட்டியவனுடையதன்று. அவன் எதனைப் படைப்பான்?

விவிலியம் வேறொரு படையலையும் காட்டுகின்றது. அதுவே ஓய்வுநாள். அந்நாளுக்கு விடுதலைப் பயண நூல் கூறும் காரணம், ஆறுநாள் படைத்துக் கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. இணைச்சட்ட நூல் கூறும் காரணம் வேறு: எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைந்து, வேலைக்காரனும் உன்னைப்போல் ஓய்வு பெறுக என்கிறது அது. ஆக, படைத்தோனை வணங்குதலும் உழைப்பாளியை மதித்தலும் ஒரே கட்டளையின் இரு பக்கங்கள். ஆண்டவன் பெயரைப் பாடிவிட்டு ஆளை ஓயவிடாதவன் அக்கட்டளையின் பாதியையே கடைப்பிடித்தான் அன்றோ? மலாயாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரம் ஒருநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. அது சமயச் சட்டமன்று. எனினும் அப்பழங்கட்டளையின் நோக்கத்தோடு ஒத்து நிற்கின்றது.

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று எண்ணெய்ப் பனைக்கு இடம் தந்துவிட்டன. மரம் மாறினும் வினா மாறவில்லை. கையில் விளைச்சல் இல்லாதவனும் படைத்தற்குரிய பொருள் ஒன்றுண்டு. அது அவனுடைய நாள். அந்நாளை அவனுக்கு விட்டுக்கொடுத்தலே, அவனிடம் வேலை வாங்குவோர் படைத்தோனுக்கு இடும் படையல்.