ஏடும் எழுத்துப் படமும்

நூல்கள் முதுமையினால் மாத்திரம் அழிவதில்லை. ஒரே பிரதியாய் ஓரிடத்தில் முடங்கிக் கிடத்தலும் அவற்றின் அழிவிற்குக் காரணமாகும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அச்சு நூல்கள் பலவற்றிற்குப் பிற இடங்களிற் பிரதிகள் இருந்தன. பிரதியில்லாத சுவடிகளோ மீளவில்லை. எனவே, காத்தலும் பகிர்தலும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்பது தெளிவு.

பண்டு ஏடுகளைப் பகிர வழி ஒன்றே இருந்தது, அது பார்த்தெழுதுதல். ஆனால், ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்னும் பழமொழிக்கேற்பப் பிழைகள் மலிந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடந் துணிய வேண்டியிருந்தது. அச்சு பிரதிகளைப் பெருக்கியது. ஆயினும் மூல ஏட்டின் தோற்றத்தை அது காட்டவில்லை.

அக்குறையை நீக்கியது ஒளிப்படக் கலை. 1870–71இற் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, டாக்ரோன் என்பவர் கடிதப் பக்கங்களை நுண்படங்களாக்கினார். புறாக்கள் அவற்றை நகருக்குட் கொண்டு சென்றன. அங்கே அப்படங்களை விளக்கொளியாற் பெரிதாக்கித் திரையில் வீழ்த்தி, எழுதுவோர் பார்த்தெழுதினர். பக்கத்தைப் படமாக்கிப் பலர்க்கு அனுப்பும் முறைக்கு இஃது ஒரு சிறந்த முன்னோடியாகும்.

தமிழ்நாட்டிற் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூற்றொகுதி, அவர் 1992இல் மறைந்த பின்னர்ச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே நூல்கள் நுண்படச் சுருள்களில் ஏற்றப்பட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைக் கணினியிற் தட்டெழுதி உலகிற்கு வழங்கினர். ஈழத்தில் 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் முயற்சியோ, பக்கங்களை உள்ளவாறே படமாக்கி இணையத்தில் வைப்பதைப் பெருவழக்காக்கியது. கொழும்பு வெள்ளவத்தையும் அப்பணிக்கு ஒரு நிலைக்களனாயிருந்தது.

தட்டெழுதிய பாடம் தேடுதற்கு எளிது. படமோ அச்செழுத்தின் வடிவம், விளம்பரம், ஓரக்குறிப்பு, பிழை ஆகிய அனைத்தையும் காட்டும். வரலாற்று மாணவனுக்கு இவையெல்லாம் சான்றுகளே. 1930இல் தோன்றிய வீரகேசரி போன்ற நாளிதழ்களின் பழைய தாள்கள் அமிலத் தன்மையால் மஞ்சளித்து நொறுங்குவன. அவற்றைப் படமாக்கிய பின் வாசகர் மீண்டும் மீண்டும் புரட்ட வேண்டுவதில்லை.

படமாக்கும் முறையும் அறியத்தக்கது. ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடியாற் பதிந்தால், ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். நிறத்தோடு சுருக்காது வைப்பின் அது சுமார் 26 மெகாபைற்று ஆகும். ஜேபெக் முறை, கண் எளிதில் உணராத வேறுபாடுகளை நீக்கி, அதனைப் பன்மடங்கு சுருக்குகின்றது. ஆனால் நீக்கியவை மீளா. ஆதலின், சுருக்காத மூலப்படத்தைத் தனியே பேணி, சுருக்கிய படத்தைப் பகிர்தலே முறை.

எனினும், பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் குறிக்கப்படாத படம், முகவரியற்ற கடிதத்தை ஒக்கும். கைப்பேசியில் எடுத்த பக்கங்கள் ஆயிரம் இருப்பினும், எந்நூலின் எப்பக்கம் என்று அறியாதவிடத்து அவை சான்றாகா. பதிப்புரிமை உள்ள நூல்களுக்கு உரியோரின் இசைவு பெறுதலும் கடனாகும்.

1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் கொழும்புத் தமிழர் பலர் வீடும் உடைமையும் இழந்தனர். எஞ்சிய குடும்பங்களின் பெட்டிகளில் இன்றும் பழைய பாடசாலை மலர்களும், கோயில் விழா மலர்களும், கல்வெட்டு என வழங்கும் நினைவு மலர்களும் கிடத்தல் கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் மாணவர், பெரியோரிடம் அவற்றைக் கேட்டு வாங்கி, முறைப்படி படமாக்கி, குறிப்பெழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் சேர்ப்பாராயின், அவர் இயற்றுவது வரலாற்றுப் பணியேயாகும். ஓரிடத்துத் தீ ஒரு பிரதியையே உண்ணும். பல இடத்துப் பிரதிகளை உண்ண மாட்டாது.