ராஜியும் நான் கொடுக்காத காசும்

மக்களே, கேம் விமர்சனம்னு நினைச்சு ஓடிடாதீங்க. இதுல கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

2017. நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். வீடு கும்மிடிப்பூண்டி. அப்பாவுக்கு சிப்காட் இரும்பு ஆலை ஒண்ணுல ஷிப்ட் வேலை. ஜியோ வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. என் சிம், தம்பி சிம்னு மாத்தி மாத்தி ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கியது ஒரு டெமோ. 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சின்ன குழு செய்தது.

இந்த டெமோ சமாச்சாரமே ஒரு தனிக்கதை. 1993-ல் டூம் வந்தப்போ முதல் பாகத்தை இலவசமா விட்டாங்க, மிச்சம் வேணும்னா காசு. ஆர்பிஜி பக்கம் இன்னும் கூத்து. 1996-ல் ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் டோபல் நம்பர் 1 என்ற சண்டை கேமோடு ஃபைனல் ஃபேண்டஸி 7 டெமோவையும் சேர்த்து வித்தது. டெமோவுக்காகவே அந்த சண்டை கேமை வாங்கினவங்க உண்டு. 2000-ல் டயாப்ளோ 2 டெமோவில் பார்பேரியன் ஒருத்தன் மட்டும்தான். மத்த ஆளுங்க வேணும்னா முழு கேமை வாங்கணும். நம்ம ஊர்ல எங்க வாங்கினோம்? பர்மா பஜார் சிடி தான். முழு கேமே ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது டெமோ எதுக்கு?

ராஜி டெமோ மட்டும் வேற ரகம். 'இவ்ளோ பண்ணிட்டோம், மிச்சத்துக்கு காசு குடுங்க'ன்னு கிக்ஸ்டார்டரில் கேட்டபடி வந்தது. (சுத்தமான ஆர்பிஜி இல்ல, ஆக்‌ஷன் அட்வெஞ்சர்னு சொல்றதுதான் சரி. சண்டை போட வேணாம்.) என் பழைய லேப்டாப் தோசைக்கல் மாதிரி சூடாச்சு, படம் திக்கித் திக்கி ஓடுச்சு. இருந்தும் வாயப் பொளந்துட்டுப் பார்த்தேன். அதுவரை நான் ஆடினதெல்லாம் யூரோப்பியக் கோட்டை, டிராகன், இரும்புக் கவசம். இதுல ராஜஸ்தான் மாளிகை. திரிசூலத்தோட ஒரு பொண்ணு. கேமரா எங்கேயோ தூரத்துல நிக்குது, அடி கொஞ்சம் தாமதமா விழுது. குறை இருந்தது, ஆனா நம்ம குறை.

காலேஜ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். ஒருத்தன், "கிராக் வரட்டும் மச்சி, பாத்துக்கலாம்"னான். நானும் சேர்ந்து சிரிச்சேன். வீட்ல கிரெடிட் கார்டு கிடையாது, உண்மை. இருந்திருந்தா மட்டும் குடுத்திருப்பேனா? மாட்டேன்.

கிக்ஸ்டார்டரில் கேட்ட தொகை முழுசா சேரலைன்னா ஒரு பைசா கைக்கு வராது. ராஜிக்கு சேரலை. கம்பெனி நிறுவனர்கள்ல ஒருத்தர் தன் ஃபிளாட்டை வித்து வேலையை ஓட்டினாங்க. அப்புறம்தான் சூப்பர் டாட் காம் பதிப்பாளரா வந்தது. 2020 ஆகஸ்ட் 18-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சில், அக்டோபர் 15-ல் கம்ப்யூட்டரில். அந்த வருஷ கேம் அவார்ட்ஸில் அறிமுக இண்டி பிரிவில் பரிந்துரையும் ஆச்சு. ஜெயிச்சது ஃபாஸ்மோஃபோபியா.

நான் அப்போ வேலைக்குச் சேர்ந்து, வீட்லேர்ந்தே வேலை. முழு விலை குடுத்து வாங்கினேன். என் வாழ்க்கையில காசு குடுத்து வாங்கின முதல் கேம். அசுரர்கள் தூக்கிட்டுப் போன தம்பி கோலுவைத் தேடி ராஜி போறா. விஷ்ணுவும் துர்க்கையும் மேலேர்ந்து பார்த்துப் பேசிக்கிட்டே வர்றாங்க. எங்க மாவட்டத்து திரௌபதி அம்மன் கோயில் கூத்துல கட்டியங்காரன் ஊடால பேசற மாதிரியே எனக்குப் பட்டது. இடையில கதை சொல்றது நிழல் பொம்மைகள்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில அப்பா வந்தப்போ நான் இன்னும் தூங்கலை. திட்டுவார்னு பார்த்தேன். சட்டைகூட மாத்தாம பின்னாடி நின்னார்.

"என்னடா, பொம்மலாட்டமா?"

"கேம்பா. தம்பியைத் தேடிப் போறா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். கொஞ்ச நேரத்துல அங்கேயே கண் அசந்துட்டார். சாயங்காலம் டிபன் டப்பாவைக் கையில எடுத்துட்டு வாசல்ல செருப்பு மாட்டும்போது கேட்டார்:

"அந்தப் பய கிடைச்சானா?"

"இன்னும் இல்லப்பா."