கள்ளும் இசையும்: பாணர் காலம் முதல் தோட்டத்து உருமி வரை

திராட்சை மதுவைச் சுவைத்தபடி நேரடி இசை கேட்கும் நிகழ்ச்சிகள் இன்று பல நாடுகளில் சுற்றுலாவின் ஓர் அங்கமாகிவிட்டன. ஆனால் இசையும் மதுவும் சேர்வது தமிழருக்குப் புதிதன்று. கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர், அதன் இன்பத்தையும் கண்டனர். அதற்கான விலையையும் கொடுத்தனர்.

சங்க காலத்தில்

யாழ் மீட்டிப் பாடிய பாணருக்கும் ஆடிய விறலியருக்கும் வள்ளல்கள் சோறும் ஊனும் கள்ளும் அளித்ததை ஆற்றுப்படை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. நறவு, தேறல், தோப்பி, மட்டு எனப் பல பெயர்கள் வழங்கின. தோப்பி அரிசியில் செய்தது. தேறலை மூங்கில் குழாயில் அடைத்து முதிர வைத்தனர்.

அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் புலவருக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் புலவர் பாட, தானும் மகிழ்ந்து அருந்துவான் என்று அவர் நினைவுகூர்கிறார்.

கள் உருவாகும் விதம்

தென்னம்பாளையை இறுகக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு வடியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பான பதநீர். தடவாவிட்டால் இயற்கையான ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்க வைத்துக் கள்ளாக்கும். ஒரு நாள் தாண்டினால் புளிப்பேறிக் காடியாகத் தொடங்கும்.

திராட்சை மதுவைப் போல் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்க முடியாது. இறக்கிய அன்றே குடிக்க வேண்டும். அதனால் கள் என்பது மரம் இருக்கும் ஊரின் பானம். வேலை முடிந்த மாலைப் பொழுதின் பானம்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

கோல சிலாங்கூர் கடலோரம் தென்னைக்குப் பெயர் பெற்றது. பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே, பெயரிலேயே தென்னையைத் தாங்கிய தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக அதை உருவாக்கியவர் ஆன்றி ஃபொக்கோனியே. பிரான்சில் கோஞ்ஞாக் மதுவுக்குப் புகழ்பெற்ற ஷராந்த் பகுதியில் பிறந்த அவர், மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக எழுதி 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார்.

ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடைகளை நடத்தின. லாபம் தொழிலாளர் நல நிதியில் சேர்ந்தது என்றாலும், அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே போன காசு. நாள் முழுதும் பால்மரம் வெட்டியவர் மாலையில் கள்ளுக்கடையில் பாடியது உண்டு. வீட்டில் அடுப்பு எரியாமல் போனதும் உண்டு.

எதிர்ப்பு

1941இல் ஆர்.எச்.நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. மே மாதம் நாதன் கைதானதும் வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. துருப்புகள் இறக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடாவில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படையும் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது.

படையலும் உருமியும்

கள்ளும் இசையும் இன்றும் சந்திக்கும் இடம் காவல் தெய்வங்களின் சந்நிதி. முனீஸ்வரர், மதுரை வீரன் படையலில் சுருட்டோடு கள்ளோ சாராயமோ வைக்கும் வழக்கம் தோட்டப்புறங்களில் இருந்து வருகிறது. உருமி மேளம் முழங்க, சாமியாடி மருள் வந்து ஆடுவார். இங்கே மது தெய்வத்துக்கு உரியது; இசை தெய்வத்தை அழைப்பதற்கு உரியது. இதே உருமி தோட்டங்களைக் கடந்து நகரத்துத் தைப்பூச ஊர்வலங்களிலும் ஒலிக்கிறது.

உலகம் சொல்வது

ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைத்த தாழிகளில் மது செய்யும் முறையும், விருந்தில் பல குரலில் பாடும் மரபும் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் உள்ளன. இசை, மதுவைத் தேர்ந்தெடுப்பதையே மாற்றும் என்பதை 1997இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு காட்டியது. கடையில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு மது அதிகம் விற்றது. ஜெர்மானிய இசை ஒலித்தபோது ஜெர்மானிய மது அதிகம் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசைதான் காரணம் என்பதை உணரவில்லை.

அந்த ஆய்வில் நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாட்டும் மேளமும் களைகட்டும்போது கையில் இருப்பது என்னவென்று பார்க்கத் தோன்றாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது 30க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மெத்தனாலைச் சுவையாலோ மணத்தாலோ பிரித்தறிய முடியாது. குடித்த பின் பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21 என்பதையும் விழாக் குழுவினர் நினைவில் கொள்ள வேண்டும்.

பாணர் மரபில் நம்மிடம் மிஞ்சியிருக்கும் செல்வம் பாட்டும் பறையும் உருமியுமே. கலயம் இல்லாமலும் அவை களைகட்டும்.