உப்பு லாரியும் ஆறு மாதக் கெடுவும்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணி இருக்கும். எதிர்வீட்டுப் பையன் போன் செய்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சரக்கு லாரி அவன் பைக்கில் மோதிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மாமாவுக்குக் கால் எலும்பு முறிவு.

"ஐயா, டிரைவர் இருபதாயிரம் தர்றேங்கிறார். கேஸ் வேண்டாம், ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றார். வாங்கிக்கலாமா?"

"மொதல்ல 108-க்குச் சொன்னியா? கையெழுத்து எதுலயும் போடாதே" என்றேன்.

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதாரண்யத்தில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் வருவது சகஜம். ஆனால் அன்று எனக்கு நினைவுக்கு வந்தது நான் பார்த்த உத்தியோகம் அல்ல, 1976-ஆம் வருஷம்.

என் சித்தப்பா புகையிலை சாகுபடி செய்தவர். அந்தத் தை மாதம் அதிகாலையில் சைக்கிளில் போனவரை அகஸ்தியம்பள்ளியிலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி இடித்தது. வெகு நேரம் சாலை ஓரத்திலேயே கிடந்தார். பார்த்தவர்கள் யாரும் தூக்கவில்லை. தூக்கினால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம். மறுநாள் இறந்துபோனார். டிரைவர் மேல் 304ஏ பிரிவில் வழக்கு நடந்தது. 1978-இல் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்துவிட்டார்கள். "கேஸே தோத்துப்போச்சு, இனிமே எங்க நஷ்ட ஈடு கேக்கறது?" என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சித்தியும் அப்படியே நம்பிவிட்டார். மூன்று பிள்ளைகள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரியாது.

பின்னாளில் கோர்ட்டு வேலைக்கு வந்த பிறகுதான், அவர்கள் சொன்னது தவறு என்று புரிந்தது. இந்தச் சட்டம் வளர்ந்த கதையையும் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. காயம்பட்டவன் உயிரோடு இருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம். செத்துப்போனால் அவன் குடும்பம் கேட்க முடியாது! ரயில் வந்து சாவுகள் பெருகிய காலத்தில், 1846-இல்தான் இங்கிலாந்தில் அதை மாற்றினார்கள். நமக்கு 1855-இல் அதே மாதிரிச் சட்டம் வந்தது. ஆனால் சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு ஒட்டி வழக்குப் போட வேண்டும். கூலிக்காரன் வீட்டில் ஸ்டாம்புக்குப் பணம் ஏது?

1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வந்தது. அது கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல். விபத்து நஷ்ட ஈட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் வைக்க 1956 திருத்தம் வழி செய்தது. ஆக, சித்தப்பா போன வருஷம் கதவு திறந்துதான் இருந்தது. மனுப் போட ஆறு மாதக் கெடு, அவ்வளவுதான். கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்ததில் அந்தக் கெடு போயே போய்விட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட்டிருக்கலாம். சொல்லத்தான் ஆள் இல்லை.

விடுதலைத் தீர்ப்பு நஷ்ட ஈட்டைத் தடுக்காது என்பதை 1980-இல் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இரவில் ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். பயணிகள் கூச்சல் போட்டும் டிரைவர் நிறுத்தவில்லை. கடவுள் செயல் என்று கிரிமினல் கோர்ட்டு அவரை விடுவித்தது. தீர்ப்பாயமோ நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அதை உறுதி செய்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தண்டனைக்கு வேண்டிய நிரூபணம் வேறு, நஷ்ட ஈட்டுக்கு வேண்டிய நிரூபணம் வேறு என்றார். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது கேட்டிருந்தாலும் எவ்வளவு கிடைத்திருக்கும்? சரக்கு லாரி இன்சூரன்ஸின் பொறுப்பு 50,000 ரூபாயோடு நின்றது. 1982-இல் அதை ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். 1988 சட்டம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. 1994 திருத்தம் இரண்டு நல்ல காரியம் செய்தது. ஒன்று, ஆறு மாதக் கெடுவை நீக்கியது. இன்னொன்று, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர்ப் பக்கத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போட விட்டது. ஆந்திராவில் லாரி இடித்தால் அங்கே போய் அலைய வேண்டியதில்லை. டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லை என்றாலும் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க உத்தரவு போடலாம் என்று 2004-இல் சுவரண் சிங் வழக்கு வழிகாட்டியது. அடிபட்டவரைத் தூக்குகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது 2016-இல் உச்ச நீதிமன்றத்திலும், 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவிலும் வந்தது. சித்தப்பாவுக்கு 40 வருஷம் பிந்திப்போனது.

அதே 2019 திருத்தம்தான் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமல். எனக்கு இதில் உடன்பாடில்லை. கால் உடைந்து கிடப்பவனுக்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே ஓடிவிடும். அதே தேதியிலிருந்து, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பையனுக்கு அன்றிரவு சொன்னது இவ்வளவுதான். வண்டியை நகர்த்துவதற்குள் போட்டோ எடு. நம்பர் பிளேட், கதவில் எழுதியிருக்கும் உரிமையாளர் பேர், டயர்த் தடம் எல்லாம் வேணும். டிரைவரோடு சண்டை போடாதே, அவரும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர், பொறுப்பு முதலாளிக்கும் இன்சூரன்ஸுக்கும். ஸ்டேஷனில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கு. ஆஸ்பத்திரியில் சாலை விபத்து என்று எழுதச் சொல்லு. 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு, வரம்புக்கு உட்பட்டு, காசு கேட்க மாட்டார்கள். மருந்து பில் ஒன்றுகூடத் தொலைக்காதே.

மாமா இப்போது வீட்டில், காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நேற்று பையன் ஒரு மஞ்சள் பையில் பில்களைக் கொண்டுவந்து என் திண்ணையில் கொட்டினான். தேதி வாரியாக அடுக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்க நாகப்பட்டினம் போகிறோம். கெடு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.