கரை வகுத்த அடி: கட்டுமரம் முதல் குற்றாலத்து மிதிபடகு வரை

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், ஆரியங்காவுப் பக்கம் பெய்யும் மழை கல்லடை ஆறு வழியாகக் கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்குப் போய்ச் சேருகிறது. இரண்டு நீர்நிலைகளிலும் மிதக்கும் படகுகள் அடியிலேயே வேறுபட்டவை. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. 1904இல் திறந்த மலைரயில் பாதை இருபுறத்தையும் இணைத்தது. இவ்விரு படகு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தென்காசியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிறுபடகின் அடியைத் தீர்மானித்தது நடுக்கடலைக் காட்டிலும் அது வந்து ஒதுங்கும் கரைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சோழமண்டலக் கரையிலிருந்து தொடங்கலாம். இயற்கைத் துறைமுகம் அரிதான மணற்கரை அது. ஆண்டு முழுவதும் அலை மடிந்து உடைகிறது. அங்கே ஏரா (அடியின் நடுவே நீளும் முதுகுக்கட்டை) வைத்த படகைக் கொண்டுபோனால் அடி மணலில் தட்டும், பக்கவாட்டில் வரும் அலை அதைப் புரட்டிவிடும். இதற்குக் கரையோர மக்கள் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று கட்டுமரம். மலைவேம்பு, இலவு போன்ற மென்மரத் தடிகளைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழவும் ஓரமரங்கள் உயரவும் வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். உள்ளே வந்த நீர் மர இடுக்கு வழியே தானாக வெளியேறிவிடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்குவதும் இல்லை. கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து வெயிலில் உலர்த்துவார்கள். உலர்த்தாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். ஆள் எப்போதும் நனைந்தபடிதான் இருக்க வேண்டும், மீனுக்கும் பனிக்கட்டிக்கும் அறை கிடையாது, எஞ்சின் பொருத்தவும் வசதி போதாது. குறைகள் என்றால் இவைதான்.

மற்றொன்று மசூலாப் படகு. வங்குக்கால் (உள்ளே தாங்கும் விலாச்சட்டம்) இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த தட்டையடிப் படகு அது. ஆணியடித்த படகு பிளந்துபோகும் அலையிலும் தையல் படகு நெளிந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் எழும்பும்வரை கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது இதுதான். ஆனால் தையல் துளை ஒவ்வொன்றிலும் நீர் கசியும். இறைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வழியே வெளியிட்ட ஆய்வு இவற்றையெல்லாம் பதிவுசெய்தது. பழைமையின் எச்சங்களாக மட்டும் இவற்றைப் பார்ப்பது போதாது என்பேன். உடையும் அலைக்கு ஏற்ற பொறியியல் இதில் இருக்கிறது.

தெற்கே இறங்கினால் காட்சி மாறுகிறது. பாக் நீரிணையின் ஆழமற்ற, அலை தணிந்த நீரில் தட்டையடி வத்தை போதும். தூத்துக்குடியில் தீவுகள் அலையைத் தடுப்பதால் ஏராவும் வங்கும் வைத்த வள்ளத்தை நீரிலேயே நிறுத்திவைக்கலாம். ஏரா படகைப் பக்கவாட்டில் நழுவவிடாது என்பதால் பாய் விரித்து ஓட அது வசதி. கேரளக் காயல் பக்கம் அஞ்சிலிப் பலகையைக் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம் நெல் சுமந்தது. அகலமும் தட்டையடியுமாக, குறைந்த ஆழத்தில் மிகுந்த பாரம் ஏற்றும் அந்த வடிவம் திறந்த கடலுக்குத் தகாது. தட்டையடி ஒவ்வோர் அலையிலும் அறைபடும்.

எஞ்சின் வந்தபோது கரையை மறந்தார்கள். 1952இல் ஒப்பந்தமான இந்தோ-நார்வே திட்டம் அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணி தொடங்கியது. நாட்டு வள்ளங்களில் எஞ்சின் பொருத்தியது ஒத்துவரவில்லை. புதிய வடிவப் படகுகள் வந்தன. ஏராவும் நிலையான சுழலியும் கொண்ட அப்படகுகளுக்குத் துறைமுகம் வேண்டும். துறைமுகம் இல்லாத மணற்கரை மீனவருக்கு அவற்றால் பயனில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் உலக உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையிலிருந்து கரையேறும் படகுகளை வடிவமைத்தது. கரை நெருங்கும்போது சுழலியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு அதன் முக்கியப் பங்களிப்பு. அதே காலத்தில் கட்டுமரத் தடிகளின் விலை ஏறிக்கொண்டிருந்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜிய இயேசு சபைத் துறவி பியேர் ஜில்லே, மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் இது. வடிவத்தை வெளியிலிருந்து திணிக்காமல், கடலுக்குப் போய் வந்தவரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் குவிந்த ஃபைபர் படகுகள் பல கரைகளில் கட்டுமரத்தை ஓரங்கட்டிவிட்டன.

உள்நாட்டு நீரில் அலை இல்லை. ஆபத்து வேறு வகையில் வருகிறது. ஒகேனக்கல் பரிசல் பாறைமேலும் வழுக்கிப் போகும், ஆனால் தன் போக்கில் சுழலும். கோயில் தெப்பம் அகலத்தால் நிற்கிறது. எடையும் நீளமும் மாறாமல் அகலத்தை மட்டும் இரட்டித்தால், படகின் வடிவம் தரும் நிமிர்த்தும் ஆற்றல் எட்டு மடங்காகும். உயரம் கூடினால் அந்த லாபம் கரைந்துவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஏரியில் புயலும் இல்லை, அலையும் இல்லை. பாரம் மேல்தட்டில் ஏறிய படகில் ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மாலை காட்டிவிட்டது.

குற்றாலம் ஐந்தருவி சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில் சாரல் காலத்தில் நீர் பெருகியதும் சுற்றுலாத் துறையின் படகு குழாம் இயங்கத் தொடங்கும். பாசனக் குளம் என்பதால் நீர்மட்டம் ஏறி இறங்கும். ஓரம் ஆழமில்லாத சேறு. இங்கே ஏரா வைத்த படகு தரைதட்டும். அடியில் இரண்டு மிதவைகள் கொண்ட மிதிபடகு இந்தக் கரைக்குப் பொருந்துகிறது. நீச்சல் தெரியாதவர் ஓரத்தில் கால் வைத்து ஏறும்போது அது கொஞ்சம்தான் சாயும். திருப்புவது கடினம், தென்மேற்குக் காற்று வீசினால் பக்கவாட்டில் ஒதுங்கும், மிதிப்பவர் சீக்கிரம் களைப்பார். துடுப்புப் படகு வேகமாகப் போகும், சொன்னபடி திரும்பும். ஆனால் ஒருவர் எழுந்து நின்றாலே ஆடும், அடியில் தேங்கிய நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு மிதிபடகும், துடுப்போட்டி உடன்வரும் சவாரிக்கு அடைத்த காற்றறை வைத்த அகலமான துடுப்புப் படகும் தகும். கூட்டம் பெருகுகிறதென்று மேல்தட்டுப் படகு எதையும் இக்குளத்தில் விடக் கூடாது. எந்தப் படகையும் நீரில் இறக்கி, ஏற்ற வேண்டிய முழு எடையையும் ஒரே ஓரத்தில் வைத்து, எவ்வளவு சாய்கிறது என்று அளந்த பிறகே இருக்கை எண்ணிக்கையை எழுத வேண்டும். அந்தச் சோதனை ஆண்டுதோறும் குளம் நிரம்பியதும், முதல் சவாரிக்கு முன்பே நடக்க வேண்டும்.